ரத்தக் கொதிப்பு உள்ள உம்மாவை ஹஜ்ஜுக்கு அழைத்துப் போகலாமா?

பிரஷர் கட்டுக்குள் இருந்தால் தாராளமாகப் போகலாம். எப்போது பார்த்தாலும் 140/90-க்கு மேலேயே நிற்கிறது என்றால், கிளம்ப ஓரிரு மாதம் இருக்கும்போதே டாக்டரிடம் காட்டி மாத்திரையைச் சரிசெய்துகொள்ளுங்கள். புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று மக்காவில் போய்ப் பார்க்கக் கூடாது.

என் உம்மாவும் பிரஷர்காரர்தான். மக்காவில் ஓட்டலில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. ஹஜ் நாட்களில் கூடாரங்களில் தங்கும் மினாவில் ஆண்கள் கூடாரம் தனி, பெண்கள் கூடாரம் தனி. அவர் சாப்பிடுவது டெல்மிசார்டன் என்ற பிரஷர் மருந்தோடு, சிறுநீரை அதிகம் போக்கும் நீர் மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை. கழிப்பறை வரிசைக்குப் பயந்து அதை நிறுத்திவிட்டார், தண்ணீரையும் குறைத்துவிட்டார். அரஃபாவிலிருந்து திரும்பி இரவு தங்கும் முஸ்தலிஃபாவில், ஷைத்தானுக்கு எறியும் பொடிக்கல் பொறுக்கக் குனிந்தவர் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். பையைத் துழாவினேன். அட்டையில் ஹஜ் மாதத்துப் பிறை 8, 9 இரண்டு நாள் மாத்திரையும் அப்படியே இருந்தன. காலையில் மினா கிளினிக்கில் பார்த்தால் 190/110.

"ஏன்மா சொல்லலை?"

"இதையெல்லாம் மகன்கிட்ட போன் போட்டா சொல்லுவாங்க?"

அதனால், நீர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் புறப்படும் முன்பே டாக்டரிடம் அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அந்த வெயிலில் வியர்வையும் போய், மாத்திரையாலும் நீர் போனால் பிரஷர் திடீரென இறங்கித் தலைசுற்றலாம். அளவை மாற்றுவதா, வேறு மருந்தா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தினால் கதை எங்கள் கதைதான்.

மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி மினாவுக்கு வராது. மருந்துச் சீட்டில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருக்க வேண்டும். அப்புறம், கால்வலிக்கு யாராவது டைக்ளோஃபெனாக் நீட்டுவார்கள், சளிக்கு மூக்கடைப்பு மாத்திரை தருவார்கள். இரண்டுமே பிரஷரை ஏற்றக்கூடியவை. வாங்காதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சு குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், இதில் எது வந்தாலும் 'இந்தக் கடமையை முடித்துவிட்டுப் பார்க்கலாம்' என்று நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு ஓட்டமும் சேர்த்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வரும். சக்கர நாற்காலியில் போக மார்க்கத்தில் அனுமதி உண்டு. அதைச் சொன்னபோது உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது ஓட்டத்தில் அவரே கேட்டார், "அந்த வண்டி இன்னும் கிடைக்குமா?"