அத்தை கேட்டு வாங்கிய மலை

'வாழ்நாளெல்லாம் கடவுளுக்கு உண்மையாக இருந்தால் கிறிஸ்தவர்களுக்கு என்னதான் கிடைக்கிறது?' என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு, கார், வெளிநாட்டு வேலை என்று கடவுள் தந்ததைச் சபையில் அடுக்கும் சாட்சிகளைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

புரசைவாக்கத்தில் குடியிருந்தார். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. 32 வயதில் கணவரை இழந்தவர். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எல்லோரும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம், புது வருடத்துக்கான வாக்காக ஒரு பைபிள் வசனம் எழுதிய அட்டை. ஒரு வருடம் அவருக்கு வந்தது, 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்.' அந்த வருடம்தான் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அத்தை அட்டையைப் பைபிளுக்குள் செருகிக்கொண்டு, மூன்று தெரு தள்ளி இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனார்.

"இவ்வளவு ஜெபித்து என்ன அத்தை கிடைத்தது?" என்று அப்போது கேட்டேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த திமிர். அவர் கோபப்படவில்லை. பைபிளில் எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்தார். விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்துக்கு, அதாவது வாளுக்கு, தப்பினார்கள் என்கிறது 34ஆம் வசனம். மூன்றே வசனம் தள்ளி, வேறு சிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்கிறது.

"தப்பினவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் ஒரே மார்க்குதான் போட்டிருக்கிறது, பார்த்தாயா?" என்றார். டீச்சர் அல்லவா!

'மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்' என்ற வசனத்தை எல்லோரும் சொல்வோம். அது சிமிர்னா சபைக்கு எழுதப்பட்டது, உங்களில் சிலர் சிறைக்குப் போவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்த வாக்கு. அதே ஊரின் ஆயராகப் பின்னாளில் இருந்தவர் பாலிகார்ப். கிறிஸ்துவை மறுதலித்தால் விட்டுவிடுகிறேன் என்று ரோம அதிபதி சொன்னபோது, '86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே' என்றாராம். அந்த முதியவரைக் கொன்றுவிட்டார்கள். பரலோகத்தில் என்ன தருவார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல என்னால் முடியாது. அதை நம்புகிறேன், அவ்வளவுதான்.

நான் கண்ணால் பார்த்தது வேறு. அத்தையிடம் கசப்பு தங்கவே இல்லை. அந்தத் தெருப் பெண்கள் சீட்டுப் பணத்தை அவரிடம்தான் கொடுத்துவைப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள். புருஷனுக்குக்கூடச் சொல்லாத தொகையை இவரிடம் சொல்வார்கள். தினமும் காலை நாலரைக்கு எழுந்து ஜெபித்த நாற்பது வருடம் சேர்த்துவைத்த சொத்து அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வங்கியில் அவருக்கு வேறு சேமிப்பு பெரிதாக இல்லை.

அத்தைக்குப் பிடித்தவர் பைபிளில் வரும் காலேப். கடவுள் இஸ்ரவேலருக்கு வாக்களித்த கானான் நாட்டை வேவு பார்க்கப் போனபோது அவருக்கு 40 வயது. அந்த நாட்டில் பங்கு கேட்டுத் தலைவர் யோசுவாவின் முன்னால் நின்றபோது 85. இடையில் 45 வருடக் காத்திருப்பு, அதில் பெரும்பகுதி பிறர் அவிசுவாசத்தால் வனாந்தரத்தில் கழிந்தது. அவ்வளவுக்கும் பிறகு சமவெளியில் நல்ல வயல் கேட்டிருக்கலாம். அவரோ ஏனாக்கியர் என்ற ராட்சதர்கள் குடியிருந்த எபிரோன் மலைநாட்டைக் கேட்டார். இயேசு சொன்ன தாலந்து உவமையில்கூட, கொடுத்த பணத்தைப் பெருக்கிய உண்மையுள்ள ஊழியக்காரனுக்கு எஜமான் ஓய்வு தருவதில்லை. அநேகத்தின்மேல் அதிகாரியாக வைக்கிறார். வேலைக்குக் கூலி இன்னும் பெரிய வேலை!

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் வகுப்பு ஒன்று உண்டு. ஒரே வருடத்தில் மூன்று ஆசிரியர்கள் ஓடிப்போனார்கள். அத்தைக்கு அப்போது 78 வயது, முழங்கால் வலி வேறு. ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போய், "ஐயா, அந்த மலையை எனக்குக் கொடுங்கள்" என்றார்.

ஆயருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "டீச்சரம்மா, அவர்கள் உங்களை ஒரு வழி பண்ணிவிடுவார்களே?" என்றார்.

அடுத்த ஞாயிறு மதியம் அத்தை வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது, புடவை முழுக்கச் சுண்ணக்கட்டித் தூள். நாற்காலியில் உட்கார்ந்து சுக்குத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் இருக்கிறானே, அச்சு அசல் உன்னை மாதிரியே கேள்வி கேட்கிறான்" என்றார்.