அப்பாவின் சட்டையும் 11 சென்ட் பாட்டில்களும்

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சென்ட் என்றால் எனக்கு உயிர். அலமாரியில் 11 பாட்டில் வைத்திருக்கிறேன். அப்பா காங்கேயம் பக்கம் கொப்பரைக் களத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் இரண்டு எருமையும் உண்டு. அவர் பக்கத்தில் வந்தாலே கொப்பரையும் வியர்வையும் பட்டியும் கலந்த நாற்றம். அடுத்த மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் கோவையில் வசதியானவர்கள். அப்பாவுக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். "ஆம்பளைக்கு எதுக்குடா சென்ட்டு? மேலுக்குத் தண்ணி வாத்தாப் போதாதா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது போதாதென்று, நான் போடும் மல்லிகை மணமுள்ள சென்ட்டை என்னோடு வேலை செய்பவர்கள் "பொம்பளைச் சரக்கு" என்கிறார்கள். அப்பாவை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? ஆணுக்கு ஏற்ற வாசனைதான் எது?
— பெயர் வேண்டாம், காங்கேயம்

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. கடிதத்தில் இருப்பது மூன்று. பெண் வீட்டார் முன்னால் அப்பா வந்து உட்கார்ந்தால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்பதுதான் அந்த மூன்றாவது. அதை மட்டும் நேராகக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாட்டிலில் இருப்பது உங்களுக்கு வாசனை, அப்பா மேல் வருவது நாற்றம். பழந்தமிழில் நாற்றம் என்றால் பெரும்பாலும் நறுமணம்தான். பூவின் நாற்றம் என்று மனம் நிறைந்து எழுதினார்கள். பிற்காலத்தில்தான் அந்தச் சொல் கெட்டுப்போனது. அப்பாவின் சட்டையில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை பிரித்துப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லை இவ்வளவு சுலபமாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலில் கொப்பரை. வெயிலில் காயும் தேங்காய்ப் பருப்பின் அந்த இனிப்பு மணத்துக்கு லாக்டோன் என்ற வகைப் பொருட்கள் காரணம். சென்ட் தயாரிப்பவர்கள் காமா நோனாலாக்டோன் என்ற ஒன்றைத் தொழிற்சாலையில் செய்து, தேங்காய் மணம் வேண்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறார்கள். உங்கள் 11 பாட்டிலில் ஏதோ ஒன்றிலும் அது இருக்கலாம். அப்பா அந்த மணத்தை, நாள் முழுக்க வெயிலில் நின்று கொப்பரையைப் புரட்டிப் போட்டுச் சட்டையில் வாங்கி வருகிறார்.

அப்புறம் பட்டி. சாணத்தின் நெடியில் இண்டோல் என்றொரு பொருள் உண்டு. அதே இண்டோல் மல்லிகைப் பூவிலும் உண்டு. மல்லிகை வெறும் இனிப்பாக நின்றுவிடாமல், ராத்திரியில் கனத்து, ஆளைக் கொஞ்சம் மயக்குகிற மாதிரி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அளவு கூடினால் பட்டி, குறைந்தால் பூ. புனுகும் அப்படித்தான். புனுகுப் பூனையின் சுரப்பி தருவது. கெட்டியாக முகர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஒரு துளியைக் கரைத்துத்தான் கோயிலில் சாமிக்குச் சாத்தினார்கள். மணத்தின் உலகத்தில் சுத்தமானது, அழுக்கானது என்று நீங்கள் போட்டு வைத்திருக்கும் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை.

மல்லிகையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கம் போனால் பொழுது விடியும் முன்பே தோட்டத்தில் ஆட்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருப்பார்கள். பூ மார்க்கெட்டில் ஏலம். கட்டிச் சூடுகிற பூ போக மீதியும், விலை விழுந்த நாளில் பெரும்பங்கும் சென்ட் ஆலைக்குப் போகும். அங்கே ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து மணத்தை இறக்கி, கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும். தொழிலில் அதற்குப் பெயர் கான்கிரீட். 1000 கிலோ பூவுக்கு ஏறத்தாழ 3 கிலோதான் கிடைக்கும். அதை எரிசாராயத்தில் கழுவி மெழுகைப் பிரித்தால் பாதிக்குப் பாதி தேறும், அதுதான் அப்சல்யூட். நம் ஊரில் ஜாதிமல்லி என்கிற பிச்சிப் பூ இதற்கு மிகவும் ஏற்றது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிச்சியில் கோ 1, கோ 2 என்று ரகங்களே வெளியிட்டிருக்கிறது. இந்தச் சரக்கு கடல் தாண்டிப் பிரான்சுக்கும் போகிறது, கண்ணாடிப் பாட்டிலில் ஏறுகிறது, கோவையில் ஏசி போட்ட கடையில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு உட்கார்கிறது. அதை வாங்கி நீங்கள் சட்டையில் அடித்துக்கொண்டால் பக்கத்து மேசைக்காரர் பொம்பளைச் சரக்கு என்கிறார்.

அவரிடம் இதைச் சொல்லுங்கள். 1966இல் டியோர் நிறுவனம் ஓ சோவாஜ் என்ற சென்ட்டை ஆண்களுக்கென்றே வெளியிட்டது. ஆண்கள் சென்ட்டின் போக்கையே மாற்றியது அது. அதற்குத் தனிக் குணம் கொடுத்தது ஹெடியோன் என்ற பொருள். அதன் மணம் மல்லிகையின் மணம். இன்னொன்று: சவரம் செய்த முகத்துக்கு என்று நம் அப்பாக்கள் காலத்திலிருந்தே கடைகளில் இருக்கும் ஓல்டு ஸ்பைஸ் 1937இல் முதலில் பெண்களுக்கான சரக்காகத்தான் வந்தது. ஆண்களுக்கானது அடுத்த ஆண்டுதான். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1709இல் பிறந்த கொலோன் தண்ணீரை ஆணும் பெண்ணும் சேர்ந்தே பூசினார்கள். பூவுக்கும் மரத்துக்கும் ஆண் வாசனை, பெண் வாசனை என்று பிரிவு கிடையாது. அது விற்கிறவர் அட்டைப்பெட்டியில் அடித்த எழுத்து. மல்லிகை பிடித்தால் மல்லிகை போடுங்கள்.

இப்போது அப்பாவிடம் வருகிறேன். "ஆம்பளைக்கு எதுக்குடா" என்று அவர் கேட்டதும் சரியில்லை. சங்கப் பாடல்களில் அரசனின் மார்பைச் சொல்ல வந்தாலே சந்தனம் பூசிக் காய்ந்த மார்பு என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போவானேன். நம் பக்கத்துக் கல்யாணத்தில் வாசலில் பன்னீர்ச் சொம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் நிற்கிறார்களே, ஆண்களை ஒதுக்கிவிட்டா தெளிக்கிறார்கள்? உங்கள் அப்பாவும் எத்தனையோ பந்தலில் இரண்டு விரலால் சந்தனத்தை வழித்துக் கழுத்தில் தடவியிருப்பார். அது சென்ட் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

என் அப்பாரு, அதாவது தாத்தா, கோபி பக்கம் மஞ்சள் வெள்ளாமை செய்தவர். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவுடன் கல்லில் சந்தனக்கட்டையை இழைத்து மார்பிலும் கழுத்திலும் தடவிக்கொள்வார். மஞ்சள் வேகவைக்கும் நாட்களில் அவர் மேலெல்லாம் மஞ்சள் வாசம். சந்தனம் பூசினாலும் மஞ்சள் போகாது. இரண்டும் சேர்ந்தே வரும். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் நாங்கள் போய் ஒட்டிக்கொள்வோம். அந்தக் கலவையை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. சந்தனமும் லேசில் வருவதில்லை. சத்தியமங்கலம் மலைக்காட்டில் வளரும் அந்த மரத்தின் வெளிக்கட்டைக்கு மணமே கிடையாது. பல ஆண்டுகள் நின்று நடுவில் வைரம் ஏறிய பிறகுதான் எண்ணெய் கட்டும். இன்று சந்தனம் என்று பெயர் போட்டு வரும் பவுடரிலும் சென்ட்டிலும் பெரும்பாலும் செயற்கை மணம்தான்.

ஆனால் அப்பா சொன்னதில் பாதி முழு உண்மை. மேலுக்குத் தண்ணீர் வாத்தால்தான் வேலை ஆகும். புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு மணம் கிட்டத்தட்ட இல்லை. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் நெடி கிளம்புகிறது. குளிக்காமல் மேலே சென்ட் அடித்தால் நெடியும் இருக்கும், சென்ட்டும் இருக்கும், இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும். சோப்புப் போட்டு அக்குளைக் கழுவித் துடைத்து, சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே அந்தப் படிகாரத்தை நனைத்து ஒரு தடவு தடவினால் பாக்டீரியா அடங்கும். சில ரூபாய்தான் செலவு. துணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலியெஸ்டரில் வியர்வை நெடி தங்குகிற மாதிரி பருத்தியில் தங்காது. அப்பாவுக்கு நீங்கள் வாங்கித் தந்திருக்க வேண்டியது நான்கு நல்ல பருத்திச் சட்டை. திருப்பூரில் வேலை செய்கிற உங்களுக்கே அது தோன்றாமல் போனது எனக்கு வருத்தம்.

அடுத்து நீங்கள். 11 பாட்டில் வைத்திருப்பதில் தப்பில்லை. ஒரு காலையில் எத்தனை முறை அழுத்துகிறீர்கள்? ஒரே மணத்தில் இருந்தால் மூக்கு சில நிமிடங்களிலேயே அதை விட்டுவிடும். போட்டவருக்குத்தான் முதலில் தெரியாமல் போகும். "போய்விட்டது போல" என்று மறுபடியும் அடிப்பார். காலை எட்டு மணிக்குக் காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் நான் நின்றிருக்கிறேன். நிற்க இடமில்லாத கூட்டத்தில் இரண்டு இளைஞர்கள் ஏறினால் போதும், வண்டி முழுக்க அவர்கள் பாட்டில்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத்திணறலையே கிளப்பிவிடும். மசக்கையில் இருக்கும் பெண் பாதி வழியில் இறங்கிவிடுவாள். இருக்கையில் இருக்கும் அப்பாவைப் போன்ற ஒருவரின் கொப்பரை வாசம் இரண்டடி தாண்டுவதில்லை. அதனால் அளவு இதுதான்: கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்குள் வருகிறவருக்கு மட்டும் தெரிய வேண்டும். பாட்டிலில் ஓ டி டாய்லெட் என்று இருந்தால் மணப்பொருள் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம், ஓ டி பர்ஃப்யூம் என்றால் 15 முதல் 20. முதலாவது என்றால் இரண்டு மூன்று அழுத்து, இரண்டாவது என்றால் ஒன்று இரண்டு. குளித்துத் துடைத்த தோலில், கழுத்திலும் மணிக்கட்டிலும். பாட்டிலை வண்டியிலும் ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள், நம் ஊர் சித்திரை வெயில் அதைக் கெடுத்துவிடும்.

எது ஏற்றது என்று கேட்டீர்கள். நம் வெயிலுக்குப் பகலில் எலுமிச்சை, வெட்டிவேர் மாதிரி இலேசானவை என்பது என் அபிப்பிராயம். பானைத் தண்ணீரில் நாம் போடும் அந்த வெட்டிவேர் உலகமெங்கும் ஆண்கள் சென்ட்டில் முக்கியமான சரக்கு. சாம்பிராணிப் பிசினும் வெனிலாவும் கனக்கும் வகைகள் இரவுக்கு இருக்கட்டும். கடையில் காகிதத்தில் அடித்து நீட்டுவதை நம்பி வாங்காதீர்கள். கையில் அடித்துக்கொண்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து முகர்ந்து பாருங்கள். முதலில் வரும் மணம் ஓடிப்போய், உங்கள் தோலோடு தங்குவது எதுவோ அதுதான் நீங்கள் வாங்கப்போகும் மணம்.

நிச்சயத்துக்கு வருவோம். அப்பாவை வழிக்குக் கொண்டுவர வேண்டாம். அன்று காலை எருமைக்குத் தீவனம் வைக்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள், அவர் ஆற அமரக் குளிக்கட்டும். புதுச் சட்டையை நீங்களே தேய்த்துக் கொடுங்கள். சபையில் சந்தனக் கிண்ணம் வரும்போது முதலில் அவரிடம் நீட்டுங்கள்; வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அதற்குப் பிறகும் அவர் கையில், நகக்கண்ணில் கொப்பரை எண்ணெய் வாசம் இருக்கும். இத்தனை வருஷத்து வேலை ஒரு குளியலில் போகாது. சம்பந்தி கைகொடுக்க எழுந்து வருவார். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "அப்பா கொப்பரைக் களத்துல இருக்காருங்க. என்னைப் படிக்க வெச்சது அதுலதானுங்க."