மூணு டோஸ் ஊசி போட்டும் நிமோனியா, ஜீன் டெஸ்ட் பண்ணணுமா?

கோபில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பையனுக்கு மூணு வயசுங்க. நிமோகாக்கல் ஊசி மூணு டோஸும் கவர்மென்ட்லயே போட்டாச்சு, அப்படியும் நிமோனியாங்கறாங்க. மெடிக்கல்ல குடுத்த அசித்ரோமைசின் கேக்கவேயில்லீங்க. கிருமியோட ஜீனை டெஸ்ட் பண்ணோணும்னு பங்காளி ஒருத்தர் சொல்றாரு, கோயமுத்தூர் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

ஜீன் டெஸ்ட்டுக்குன்னு அலைய வேண்டாமுங்க. அது ஊருக்கே எந்த ரகக் கிருமி பரவுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க பாக்கறதுக்கு, உங்க பையனுக்கு நாளைக்கு என்ன மருந்துங்கறத டாக்டர் பரிசோதிச்சுத்தான் முடிவு பண்ணுவாரு, தேவைப்பட்டா பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல இருக்கற கிருமிய வளத்துப் பாக்கற டெஸ்ட் எடுப்பாங்க. ஆனா ஆன்டிபயாட்டிக் உள்ள போன பொறகு எடுத்தா கிருமி வளராமயே போயிரலாம், அதனால மெடிக்கல்ல வாங்கிக் குடுத்ததை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிருங்க.

ஊசி போட்டும் ஏன் வந்துச்சுன்னா, நிமோனியாவுக்கு வைரஸும் காரணமா இருக்கலாம், இந்த ஊசி எதுக்குப் போடறாங்களோ அந்த நிமோகாக்கஸ்ங்கற கிருமிலயே 100க்கு மேல வகை இருக்கு, உங்க பையனுக்குப் போட்ட ஊசி தடுக்கறது 10 இல்லேன்னா 13 வகையத்தான். ஊசிக்குத் தெரியறது கிருமியோட மேலுறை மட்டும், இந்தக் கிருமியோ பக்கத்துல செத்துக் கிடக்கற வேற கிருமியோட டிஎன்ஏவ எடுத்துத் தன்னோடதுல சேத்துக்கும், அதுல மேலுறையே மாறிப்போறதும் உண்டு. 2011ல ஒரே பரம்பரையைச் சேந்த 240 கிருமிகளோட முழு ஜீனோமையும் படிச்சு, ஊசிக்கும் மருந்துக்கும் எப்படித் தப்பிச்சுதுன்னு வெளியிட்டாங்க. அமெரிக்கால 2000ல 7 வகை ஊசி வந்ததும், அதுல இல்லாத 19ஏ-ங்கற வகை பெருகிருச்சு, 2010ல 13 வகை ஊசில அதையும் சேத்தாங்க. அதுக்காக ஊசி வீண்னு நெனச்சுறாதீங்க, கடுமையா வர்றதை அது நல்லாவே கொறைக்குது.

அசித்ரோமைசின் கதை வேறங்க. எர்ம்-பி ஜீன் இருக்கற கிருமில அந்த மருந்து போய் ஒட்டற எடமே மாறிருது, டோஸைக் கூட்டினாலும் பிரயோஜனமில்ல. அமாக்சிசிலின்ங்கற ஆன்டிபயாட்டிக் அப்படியில்ல, அதைத் தாங்கற எதிர்ப்பு கிருமிக்குக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏறும், அதனாலதான் டாக்டர் சில சமயம் டோஸைக் கூட்டி எழுதறாரு, பயந்துக்கிட்டு நீங்களா கொறைச்சுக் குடுக்காதீங்க. சளின்னு சொன்ன ஒடனே அசித்ரோ ஸ்ட்ரிப்பை எடுத்து நீட்டற பழக்கம் எனக்குச் சுத்தமாப் பிடிக்கறதில்லீங்க, அது ஒடம்புல பல நாள் லேசாத் தங்கி, எதிர்ப்புள்ள கிருமியத்தான் வளர விடுது.

பையன் அழுகாம இருக்கறப்ப ஒரு நிமிசம் முழுசா மூச்சை எண்ணிப் பாருங்க. 40 இல்லேன்னா அதுக்கு மேல இருந்தாலோ, மூச்சு இழுக்கறப்ப நெஞ்சுக்கூட்டுக்குக் கீழ குழி விழுந்தாலோ, தண்ணி குடிக்க முடியாமப் போனாலோ, அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிருங்க, ஞாயித்துக்கிழமைன்னு பாக்காதீங்க.