வீடும் வேலையும் ஒரே கையில் வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாம் தானே செய்துகொள்வான். சீட்டு எழுதிக் கொடுத்தால் கடைக்குப் போய் வாங்கி வருவான். பணக் கணக்கு மட்டும் தெரியாது. கணவருக்கு 63 வயது. ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இதய நோயாளி. மகள் திருமணமாகிக் கோவையில் இருக்கிறாள். ஒரு தொண்டு நிறுவனத்தினர், மகனை வாழ்நாள் முழுவதும் தங்கள் இல்லத்தில் வைத்துக்கொள்வதாகவும், தங்களுடைய காகித உறைக் கூடத்திலேயே வேலை கொடுப்பதாகவும் சொல்கிறார்கள். 8 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கட்ட வேண்டுமாம். மனையை விற்றால் கட்டிவிடலாம். கட்டலாமா? (கோவில்பட்டி அருகிலிருந்து ஒரு தாய்)

இப்போது கட்டாதீர்கள் அம்மா. மனையையும் விற்காதீர்கள்.

அந்த நிறுவனத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நல்லவர்களாகவே இருக்கட்டும். உங்கள் மகன் படுக்கும் இடம், உழைக்கும் இடம், அவனுக்காக நீங்கள் சேர்த்த பணம் ஆகிய மூன்றும் ஒரே சாவிக்கொத்தில் போய்ச் சேர்கின்றன என்பதுதான் என் கவலை. கூடத்தில் மேற்பார்வையாளரோடு ஒத்துப்போகவில்லை என்று வையுங்கள். வேலையை விட்டால் வீடும் போகும் என்பதால் அவன் வாய் திறக்க மாட்டான். இல்லத்தில் யாராவது கை நீட்டினால் வேலையிடத்தில் போய்ச் சொல்லலாம் என்றால், அங்கேயும் அதே ஆட்கள். நீங்களாவது தட்டிக் கேட்பீர்களா என்றால், 8 லட்சம் அவர்களிடம் இருக்கும்போது யாருக்கும் குரல் எழும்பாது. 27 வருடங்களாக இந்தத் துறையில் இருக்கிறேன். நல்ல பெற்றோர் பலர் அப்படி அடங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த 8 லட்சத்துக்கு என்ன பெயரில் ரசீது தருவார்கள் என்று கேளுங்கள். ‘நன்கொடை’ என்று எழுதித் தந்தால், கொடுத்தது கொடுத்ததுதான். மூன்று மாதத்தில் மகனைத் திரும்ப அழைத்து வர நேர்ந்தால் ஒரு ரூபாயைக்கூடக் கேட்டு வாங்க முடியாத நிலை வரலாம். மகன் அங்கே தங்குவதற்கான உரிமையும் அந்த ரசீதில் இருக்காது. மாதக் கட்டணமாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தெந்தச் செலவு அதில் அடக்கம், விலகினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை ஒப்பந்தமாக எழுதி வாங்குங்கள். மனையைச் செட்டில்மென்ட் பத்திரமாக (இப்போதே உரிமையை மாற்றிக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதித் தரச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. உயிலில் மகனுக்கென்று ஒரு தனி அறக்கட்டளையை ஏற்படுத்தி, மகளையும் குடும்பத்துக்கு வெளியே நம்பகமான ஒருவரையும் அறங்காவலர்களாக வைக்கலாம். அவனைப் பராமரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்த எவரும் அதில் இருக்கக் கூடாது. வழக்கறிஞர் கட்டணம் சில ஆயிரங்கள் ஆகும், மனை மிஞ்சும்.

அடுத்தது இல்லம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இப்படி ஓர் இல்லத்தை யாரும் நடத்த முடியாது. அந்தச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் காட்டிச் சரிபாருங்கள். வரிவிலக்குச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை உண்டு என்பதுதான் அதன் பொருள். இல்லம் எப்படி நடக்கிறது என்று அது சொல்லாது.

காகிதம் சரியாக இருந்தாலும் நேரில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, விருந்தினர் வரும் நேரத்தில் வேண்டாம். வாரநாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு, சொல்லாமல் போங்கள். நான் ஓர் இல்லத்துக்கு அப்படிப் போனேன். கட்டடம் புதிது, தரை பளபளத்தது. மாடியில் துவைத்த சட்டைகள் ஒரே குவியலாகக் கிடந்தன. இது யாருடையது என்று ஒரு சட்டையை எடுத்துக் கேட்டேன். ‘யாருக்குச் சரியா இருக்கோ, அவங்க போட்டுக்குவாங்க சார்’ என்றார் காப்பாளர், வெகு இயல்பாக. நாற்பது வயது ஆட்களுக்குத் தன் சட்டை என்று ஒன்று கிடையாது. ஆறு மணிக்கு இரவு உணவு, ஏழரைக்கு விளக்கு அணைப்பு. ஊழியர்கள் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமல்லவா! ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது தரையை அன்று. மகனுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி உண்டா, அதன் சாவி யாரிடம் இருக்கும்? வேண்டும்போது உங்களுக்கு போன் செய்ய முடியுமா? அங்கேயே இருப்பவர்களில் ஒருவரிடம், அலுவலர் பக்கத்தில் இல்லாதபோது, ‘நேற்று எங்கே போனீர்கள்?’ என்று கேளுங்கள். எங்கும் போகவில்லை என்ற பதில் மூன்று பேரிடமிருந்து வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இல்லம் என்றாலே ஐம்பது கட்டில் போட்ட கூடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சென்னையில் 1993-இல் தொடங்கிய ‘தி பேனியன்’ தொண்டு நிறுவனம், தீவிர மனநோயிலிருந்து மீண்ட பிறகும் வீடு திரும்ப வழியில்லாமல் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டவர்களுக்காக 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஊருக்குள் சாதாரண வீடு எடுத்து நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். தேவைக்கு ஏற்றபடி உதவியாளர் உண்டு. காய்கறி வாங்குவது, சமைப்பது, பக்கத்து வீட்டோடு பழகுவது எல்லாம் அவர்கள் பாடு. உங்கள் மகனின் நிலை வேறு. ஆனால் அந்த அமைப்பு அவனுக்கும் பொருந்தும். கடைக்குப் போய் வரத் தெரிந்தவனை வாசல் பூட்டிய இடத்தில் வைத்தால் ஆறு மாதத்தில் அந்தப் பழக்கமும் போய்விடும். உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும், சமூகத்தோடு சேர்ந்து வாழ மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு என்கிறது. அவனைப் போன்ற பிள்ளைகள் இருக்கும் மூன்று குடும்பங்கள் உங்கள் வட்டாரத்தில் கிடைத்தால், ஒரு வாடகை வீடும் ஓர் உதவியாளரும் போதும். நாலு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே நடக்கிறது என்பதுதான் பெரிய லாபம்.

வேலைக்கு வருகிறேன். காகித உறைக் கூடத்தில் தருவது சம்பளமா, ஊக்கத்தொகையா? பல இடங்களில் ‘பயிற்சி’ என்ற பெயரில் பத்து வருடமாக ஒரே உறையை ஒட்டிக்கொண்டிருப்பார்கள். மாதம் சில நூறு ரூபாய் கையில் வரும். பயிற்சி என்றால் முடிவுத் தேதி இருக்க வேண்டும். வேலை என்றால் சம்பளம், வங்கிக் கணக்கு, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். இதை வெளி முதலாளிகளிடமும் சொல்லுங்கள்: மாற்றுத்திறனாளி ஊழியருக்கு இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மற்றவர்களைப் போல் 21,000 அன்று, 25,000 ரூபாய். முதலாளி கட்ட வேண்டிய இ.எஸ்.ஐ. பங்கைக் குறிப்பிட்ட காலத்துக்கு மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. எத்தனையோ சிறு முதலாளிகளுக்கு இது தெரியாது.

கோவில்பட்டிக்காரரான உங்களுக்குக் கடலை மிட்டாய்க் கூடம் புதிதல்ல. அப்படி ஒரு கூடத்தில் உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்தோம். பாக்கெட்டுக்கு இருபது மிட்டாய். அவனுக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது. ஓர் அட்டையில் இருபது கட்டம் வரைந்து கொடுத்தோம். கட்டத்துக்கு ஒன்று வைக்க வேண்டும், நிறைந்ததும் பாக்கெட்டில் சரித்துவிட வேண்டும். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். மூன்றாவது வாரம் வேலையே போய்விடும் போலிருந்தது, பஸ்ஸால். திருவிழாவுக்காகப் பஸ்ஸை வேறு தெருவில் திருப்பிவிட்டார்கள். பழகிய புளியமரம் வராததால் அவன் இறங்கவே இல்லை, கடைசி நிறுத்தம்வரை போய்விட்டான். அதன் பிறகு எங்கள் பணியாளர் மூன்று வாரம் அவனோடு பஸ்ஸில் போனார். முதலில் பக்கத்து இருக்கையில், பிறகு ஓர் இருக்கை தள்ளி, பிறகு பின்வரிசையில். கடைசி நாளில் ஏறாமல் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டார். ஒரு தொண்டு நிறுவனம் வேலைக்கு உதவுகிறதா என்று அறிய இதைக் கேளுங்கள்: சேர்த்துவிட்ட பிறகு எத்தனை நாள் கூட வருவீர்கள்? ‘இடம் பிடித்துத் தருவோம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்களால் உங்கள் மகனுக்குப் பயன் குறைவு. பக்கத்திலேயே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இயங்குகிறது. நீங்கள் பார்க்கும் இடத்தோடு ஒப்பிடுவதற்காகவாவது ஒருமுறை போய் வாருங்கள்.

கடைசியாகச் சட்டம். மகனுக்கு 18 வயது முடிந்த அன்றே, பெற்றோர் என்ற முறையில் அவன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உங்களுக்கு முடிந்துவிட்டது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதைக் குழு பார்க்கும். அவன் சாப்பாட்டையும் சட்டையையும் தேர்ந்தெடுக்க யாரும் தேவையில்லை, சொத்துக்கும் வங்கிக்கும் தேவைப்படலாம். இப்போதே நீங்களோ மகளோ ஆகிவிடுங்கள். ‘அதையும் எங்கள் நிறுவனமே பார்த்துக்கொள்ளும்’ என்பார்கள். வேண்டாம். பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். மோசம் செய்தால் குழு அவரை நீக்கலாம். அந்தக் கணக்கை எழுதுகிறவரும் பணத்தைச் செலவழிக்கிறவரும் ஒருவராகவே இருந்தால் எப்படி? அதே சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கிடைக்கும், அதிலும் சேர்த்துவிடுங்கள்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். பாதுகாவலர் நியமனத்துக்கான மனு, மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, ஆதார் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மகனையும் அழைத்துச் செல்லுங்கள். எதற்குப் போகிறோம் என்று முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். வேறு வீட்டில் தங்குவது பற்றி அவனிடம் இதுவரை யாராவது கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அதைக் காணவில்லை. வாயால் கேட்டால் ‘சரி’ என்றுதான் சொல்வான், இவர்களில் பலர் அப்படித்தான். எந்த இல்லமானாலும் முதலில் இரண்டு இரவு, பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம் என்று வைத்துப் பாருங்கள். அவன் தலையணையைக் கொடுத்து அனுப்புங்கள். இரண்டாம் முறை கிளம்பச் சொல்லும்போது அந்தத் தலையணையை அவனே எடுத்து வைக்கிறானா, ஒளித்து வைக்கிறானா என்று கவனியுங்கள்.