அமர்ந்த மெல்லிய சத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் ஆராதனையில், வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி ஓரேபு மலையில் நிற்கும் பகுதியை வாசித்தார்கள். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் ஓய்ந்தபின் ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ உண்டாகிறது. “சத்தம் எப்படிப்பா மெல்லிசா இருக்கும்?” என்று என் மகள் கேட்டாள். ஆங்கிலத்தில் பார்த்தேன். பழைய மொழிபெயர்ப்பில் மெல்லிய குரல் என்று இருக்கிறது, புதியது ஒன்றில் முழு மௌனத்தின் ஒலி என்று இருக்கிறது. எபிரேய மூலச்சொல் ‘கோல்’ என்றும், அது நம்முடைய ‘குரல்’தான் என்றும் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? அது குரலா, சத்தமா?

ஜே.

அன்புள்ள ஜே.,

வாட்ஸப் செய்தியை முதலில் முடித்துவிடலாம். இல்லை. அந்தச் சொல் கோஃப், வாவ், லாமெத் என்ற மூன்று எபிரேய எழுத்தாலானது. அதன் உறவுகள் எபிரேயமும் அரபியும் சேர்ந்த செமிட்டிக் மொழிக் குடும்பத்தில்தான் இருக்கின்றன. அரபியில் ‘கால’ என்றால் சொன்னான், ‘கவ்ல்’ என்றால் சொல், வாக்கு. எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியிலும் ‘கால்’ உண்டு. இந்தக் குடும்பத்திலிருந்து தமிழுக்கு ஒரு சொல் வந்தது உண்மை, ஆனால் அது குரல் அல்ல. பழைய நிலப் பத்திரங்களில் ‘கவுல்’ என்று பார்த்திருப்பீர்கள். குத்தகை உடன்படிக்கை. அரபி ‘கவ்ல்’தான் உருது வழியாகத் தாலுகா கச்சேரிக்கு வந்து சேர்ந்தது. கவ்வாலியும் அதே வேர்தான்.

சரி, குரலா, சத்தமா? எபிரேயம் அந்தக் கோட்டைப் போடுவதே இல்லை. மனிதன் பேசுவதும் கோல், ஆடு கத்துவதும் கோல், எக்காளம் ஊதுவதும் கோல். பன்மையில் ‘கோலோத்’ என்றால் பல இடங்களில் இடிமுழக்கம்.

எனக்குப் பிடித்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன். இரண்டிலும் பார்வை மங்கிய ஒரு கிழவர், அவர் முன்னால் வேஷம் போட்டு வரும் ஒருவர். ஈசாக்கு, மூத்தவன் ஏசாவைப் போல வந்த இளைய மகன் யாக்கோபைத் தடவிப் பார்த்து, “சத்தம் யாக்கோபின் சத்தம், கைகள் ஏசாவின் கைகள்” என்கிறார். இது தொண்டையிலிருந்து வரும் கோல். கேட்டும் ஏமாந்துபோகிறார். இன்னொருவர் அகியா தீர்க்கதரிசி. யெரொபெயாம் ராஜாவின் மனைவி அந்நிய ஸ்திரீயைப் போல வருகிறாள். அவள் வருவதைக் கர்த்தர் முன்பே சொல்லிவைத்திருந்தார். அவள் வாய் திறக்குமுன், வாசலில் நுழையும் நடையின் சத்தத்தைக் கேட்டதுமே ‘யெரொபெயாமின் மனைவியே’ என்று அழைத்துவிடுகிறார். அங்கே கோல் காலிலிருந்து வருகிறது. மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

இதை வைத்துக்கொண்டு ஏதேனுக்குப் போங்கள். குளிர்ச்சியான வேளையில் ஆதாமும் ஏவாளும் கேட்டது பேச்சையா, காலடியையா? கர்த்தர் ஆதாமைக் கூப்பிடுவது அடுத்த வசனத்தில்தான். ஆகவே காலடி என்றே நான் வாசிக்கிறேன். பழைய ஆங்கிலம் அங்கே குரல் என்று போட்டு இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லாமல் செய்துவிட்டது. 1871-இல் ஹென்றி பவர் குழு முடித்த மொழிபெயர்ப்பின் வழிவந்த நம் பழைய திருப்புதலில் ‘சத்தம்’தான். அன்றைய தமிழில் அது வெறும் இரைச்சல் அல்ல. இன்றைக்கு ‘சத்தம் போடாதே’ என்று அதட்டியே அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டோம். ஆனாலும் “வீட்டுக்குள்ளே ஆள் சத்தம் கேக்குது” என்கிறபோது அந்தப் பழைய அகலம் தெரிகிறது இல்லையா? பேச்சோ நடமாட்டமோ, எதுவாகவும் இருக்கலாம்.

அப்புறம், ஓரேபு. மூலத்தில் ‘கோல் தெமாமா தக்கா’ என்று மூன்றே சொற்கள். தக்கா என்றால் மெலிந்த, பொடியான. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கிடைத்த மன்னா உறைபனி போலக் கிடந்ததைச் சொல்லவும் இதே சொல்தான் வருகிறது. தெமாமா என்றால் அடங்கிப்போன நிலை. 107-ஆம் சங்கீதத்தில் கடல் கொந்தளிப்பு இந்தத் தெமாமாவாக மாறுகிறது. அங்கே நம் தமிழ், ‘கொந்தளிப்பை அமர்த்துகிறார்’ என்கிறது. ஓரேபில் ‘அமர்ந்த’ என்கிறது. இன்று நமக்கு அமர்ந்த என்றால் உட்கார்ந்த என்றுதான் தோன்றும். ஆனால் புயல் அமர்ந்தது என்கிற பொருளில் அதை எடுத்துக்கொண்டால், நீங்கள் பார்த்த இரண்டு ஆங்கிலத்தையும்விட இது மூலத்துக்கு நெருக்கம். கிரேக்க மொழிபெயர்ப்பு அதை மெல்லிய காற்றின் ஒலி ஆக்கிவிட்டது. காற்றில் கர்த்தர் இல்லை என்று சொல்லி முடித்த கையோடு மறுபடியும் காற்றா! எனக்கு அது ஒப்பவில்லை.

இன்றைய இஸ்ரேலிலும் அந்தச் சொல் ஓயவில்லை. தேர்தலில் போடும் ஓட்டு கோல், ஒலிபெருக்கி ‘ரம்கோல்’, சினிமா ‘கோல்னோவா’. கடைசியதில் ஒலியும் அசைவும் சேர்ந்திருக்கின்றன. பேசும்படத்துக்கு உண்டாக்கிய பெயர், எல்லாப் படத்துக்கும் ஆகிவிட்டது.

மகளிடம் அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அந்த மெல்லிய சத்தத்தில் வார்த்தை எதுவும் இல்லை. அதைக் கேட்டதும் எலியா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு கெபியின், அதாவது குகையின், வாசலுக்கு வருகிறான். அதற்குப் பிறகுதான் “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி வருகிறது. அதுவும் கோல்தான்.