வான்கோழி வேட்டைக்கு மகளை அனுப்பலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நாங்க மேடிசன் பக்கம் இருக்கோம். பொண்ணுக்கு 12 வயசு. அவ கிளாஸ்மேட்டோட அப்பா, ஏப்ரல்ல வர்ற யூத் டர்க்கி ஹன்ட்டுக்கு தன் பையனோட இவளையும் கூட்டிட்டு போறேன்னு கேட்டிருக்கார். நல்ல மனுஷன், பல வருஷப் பழக்கம். பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா. மனைவிக்கு துளியும் இஷ்டமில்ல. எனக்கு மூணு சந்தேகம். சின்னப் பிள்ளை கையில துப்பாக்கி, இது சேஃபா? இந்த வயசுல ஒரு உயிரைக் கொன்னு பழகினா மனசு கல்லாயிடாதா? ஊர்ல எங்க அம்மாவுக்கு தெரிஞ்சா என்ன சொல்றது? அனுப்புறதா இருந்தா சனிக்கிழமை காலைல மூணரைக்கு அவர் வீட்டுல டிராப் பண்ணிட்டு மதியம் பிக்கப் பண்ணிக்கலாம்னு இருக்கேன். நீங்க வேட்டைக்கு போற ஆளுன்னு பழைய கட்டுரைல படிச்சேன், அதான் கேக்குறேன்.

ஒரு வாசகர், விஸ்கான்சின், அமெரிக்கா

தம்பி,

மூணு கேள்வி கேட்டிருக்கீங்க, பதில் சொல்றேன். ஆனா என்னை சுருக்குனு குத்துனது, நீங்க கேள்வியாவே நினைக்காம போற போக்குல எழுதின கடைசி விஷயம். மூணரைக்கு டிராப், மதியம் பிக்கப். என்ன தம்பி இது, பாட்டு கிளாஸா?

கொஞ்ச நாளாவே மனசுல ஓடிட்டு இருக்கிறதுதான் இது. மார்ச் வந்தா நம்ம ஆளுங்க யாராவது போன் பண்ணி "எங்க பையனையும் இந்த வருஷம் கூட்டிட்டு போங்கக்கா"ன்னு கேப்பாங்க. சந்தோஷமா சரின்னு சொல்லுவேன். "நீங்களும் வாங்க"ன்னு சொன்னா அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. குளிரு, ஆன்கால், வாரத்துல ஒருநாள்தான் தூக்கம். பிள்ளைக்கு மட்டும் எக்ஸ்போஷர் கிடைக்கணும், நாம போர்வைக்குள்ள இருக்கணும். கோவம் வருது, மறைக்க விரும்பல.

அம்மா விஷயத்தை முதல்ல முடிச்சுடுறேன். உண்மையைச் சொல்லுங்க. அவங்க ரெண்டு நாள் பேசாம இருப்பாங்க, மூணாவது நாள் பேத்தி குரலைக் கேக்க அவங்களே கூப்பிடுவாங்க.

மனசு கல்லாகுமான்னு கேட்டீங்க. உங்க வீடு சைவமா அசைவமான்னு எழுதல. சைவம்னா உங்க மனைவி சொல்றதுக்கு முழு மரியாதை, பொண்ணுகிட்ட "இது நம்ம வழக்கமில்லம்மா"ன்னு நேரா சொல்லிடுங்க, பயத்தை சாக்கா வைக்காதீங்க. அசைவம்னா, காஸ்ட்கோல தோல் உரிச்சு பேக் பண்ணின கோழியைத் தூக்கி வண்டில போடுற நாம இந்தக் கேள்வியை அந்தப் பிள்ளைகிட்ட கேக்கக்கூடாது. வேட்டைக்கு போனதால மனசு கல்லான பிள்ளையை நான் பாத்ததில்ல. பக்கத்துல இருந்த பெரியவங்களால நொந்துபோன பிள்ளையை பாத்திருக்கேன், அதுக்கு வர்றேன்.

இன்னொண்ணு, நமக்கு வேட்டைன்னாலே திருட்டு வேட்டைதான் ஞாபகம் வரும், ஏன்னா இந்தியால 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துக்கு அப்புறம் வளர்ந்தவங்க நாம. இங்க கதை வேற. விஸ்கான்சின்ல கடைசியா காட்டு வான்கோழியைப் பாத்ததா பதிவு இருக்கிறது 1881-ல, டார்லிங்டன் பக்கம். ஓக் காட்டை வெட்டி வயலாக்கினாங்க, கணக்கு வழக்கில்லாம சுட்டாங்க, பண்ணைப் பறவைகிட்டருந்து நோயும் தொத்துச்சு, போச்சு. அப்புறம் பண்ணைல வளர்த்ததைக் கொண்டுபோய் காட்டுல விட்டுப் பாத்தாங்க, நிலைக்கல. 1976-ல மிசௌரிலருந்து பிடிச்சு வந்த 29 நிஜ காட்டுப் பறவைங்களை வெர்னன் கவுன்ட்டில விட்டாங்க, பதிலுக்கு இங்கருந்து க்ரவுஸ் பறவை மிசௌரிக்கு போச்சு. 1983-லயே ஸ்பிரிங் சீசன் திறக்கிற அளவுக்கு பெருகிடுச்சு. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் பெரிய காசு எங்கருந்து வருதுன்னா லைசன்ஸ் கட்டணம், அப்புறம் 1937-ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், அதுப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் ஃபெடரல் வரி, அது வனஉயிர் பாதுகாப்புக்குன்னு மாநிலங்களுக்கு போகுது. சுடுறதுலயும் வரைமுறை இருக்கு, வசந்த சீசன்ல ஆண் பறவையையோ தாடி இருக்கிற பறவையையோ மட்டும்தான் சுடலாம். நெஞ்சு நடுவுல கருப்பா முரட்டு முடிக் கத்தை தொங்கும், அதுக்குப் பேர்தான் தாடி, பெரும்பாலும் ஆணுக்குத்தான் இருக்கும். இதையெல்லாம் உங்க மனைவிகிட்டயும் சொல்லுங்க, அவங்க வேண்டாம்னு சொன்னா கூட தெரிஞ்சு சொல்லட்டும்.

சேஃப்டிக்கு வருவோம். வான்கோழிக்கு மோப்பம் ரொம்பக் கம்மி, ஆனா கண்ணு இருக்கே, அப்பப்பா. நிறமும் தெரியும், மூக்கு நுனில உக்காந்த கொசுவை நீங்க விரட்டினா அந்த அசைவும் தெரியும். அதனால வேட்டைக்காரங்க உச்சந்தலைலருந்து பாதம் வரைக்கும் இலைக்கலர் துணியைப் போட்டுட்டு முகத்தையும் மூடிட்டு, பெட்டைக்கோழி மாதிரியே குரல் குடுத்துட்டு உக்காந்திருப்பாங்க. ஆபத்து அங்கதான். அந்தக் குரலைக் கேட்டு பெட்டைன்னு நினைச்சு இன்னொரு வேட்டைக்காரன் பதுங்கிப் பதுங்கி வருவான். சிவப்பு, வெள்ளை, நீலம் மூணும் ஆண் வான்கோழி தலையோட நிறம், அதனால அந்த நிறத்துல பனியன் கூட வேண்டாம், சாக்ஸும் வேண்டாம், மூக்குத் துடைக்கிற வெள்ளை கர்சீப்பும் வேண்டாம். சத்தம் கேக்குற திசைல பதுங்கிப் போகவே கூடாது. யாராவது வர்றது தெரிஞ்சா கையை ஆட்டாம, அசையாம, மனுஷக் குரல்ல சத்தமா கூப்பிடணும். வான்கோழி வாலை விசிறியா பிடிச்சுட்டு அதுக்குப் பின்னாடி தவழ்ந்து போற ஒரு ஸ்டைல் வீடியோல வருது, பிள்ளைங்க இருக்கிற இடத்துல அதை நினைச்சுக்கூட பாக்காதீங்க. சுட்ட பறவையைத் தூக்கிட்டு வரும்போது ஆரஞ்சுத் துணில சுத்திட்டு வரணும்.

இங்க ஹன்டர் எஜுகேஷன்ல, அதாவது வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சில, டேப்-கேன்னு நாலு விதி சொல்லிக் குடுப்பாங்க. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருக்கிற மாதிரியே நடத்து, துப்பாக்கி வாயை எப்பவும் ஆபத்தில்லாத பக்கம் வை, குறியும் குறிக்குப் பின்னாடி என்ன இருக்குங்கிறதும் நிச்சயமா தெரியணும், சுடுற வரைக்கும் விரல் டிரிக்கரைச் சுத்தி இருக்கிற வளையத்துக்கு வெளிய இருக்கணும். பிளைண்டுக்குள்ள, அதாவது மறைஞ்சு உக்கார்ற கூடாரத்துக்குள்ள, உக்காந்தப்புறம்தான் லோடு பண்ணணும், எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அன்லோடு பண்ணிடணும். பொண்ணுக்கு 20 கேஜ் துப்பாக்கி போதும் (கேஜ்ங்கிறது குழல் அளவு, நம்பர் குறைஞ்சா குழல் பெருசு), 12 தோளை உடைச்சிடும், தாங்கு கட்டை வச்சு சுடச் சொல்லுங்க. சீசனுக்கு முன்னாடியே ரேஞ்சுல பேப்பர் போட்டு அந்தத் துப்பாக்கி எத்தனை கெஜத்துல எப்படி அடிக்குதுன்னு அவளே பாத்துக்கணும், 40 கெஜத்துக்கு மேல பேச்சே வேண்டாம், முதல் தடவைன்னா 25 நல்லது.

இப்ப உங்க டிராப் பிக்கப்புக்கு வர்றேன், ஏன்னா அந்த நாலு விதில மூணாவது விதிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

என் மகளுக்கும் அப்ப உங்க பொண்ணு வயசுதான். வெர்னன் கவுன்ட்டி குன்னுப் பக்கம் பால்பண்ணை வச்சிருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், எங்களுக்கு சொந்தக்காரர் மாதிரி, அவரோட இடத்துல அவர்தான் மென்டர், அதாவது கூட இருந்து வழிகாட்டுற பெரியவர். நான் மூணாவது ஆளா மூலைல ஸ்டூல்ல உக்காந்திருந்தேன், கையில தெர்மாஸ் மட்டும். இருட்டுல சாண்ட்ஹில் கொக்குங்க கத்திட்டு போச்சு. பெரியவர் ஆந்தை மாதிரி ஒரு குரல் குடுத்தார், மேட்டு ஓக் மரத்துலருந்து உடனே கொக்கரிச்சு பதில் வந்துச்சு. வெளிச்சம் வந்ததும் அந்தச் சேவல் மரத்துலருந்து இறங்கி, ரெண்டு பெட்டையோட நடந்து நடந்து எங்க டெகாய், அதாவது பொம்மை வான்கோழி பக்கம் வந்துடுச்சு. வாலை விரிச்சு இறக்கையைத் தரைல தேச்சுட்டு நிக்கும்போது அடிவயித்துலருந்து ஒரு டம்ம் வரும், காதுக்கு முன்னாடி நெஞ்சுக்கு கேக்கும். தலை வெளுத்து, நீலமாகி, திரும்ப ரத்தச் சிவப்பா மாறுது. மகள் குறி வச்சுட்டா. துப்பாக்கியோட சேஃப்டி லாக் கிளிக்குனு திறந்ததைக் கேட்டேன். ஒரு பெட்டையோட தலை சேவல் கழுத்துக்கு நேர் பின்னாடி. அது நகரட்டும்னு காத்துட்டு இருந்தா, நகர்ந்துச்சு, சுட நேரமும் இருந்துச்சு. திரும்பவும் கிளிக். சேஃப்டியை மூடிட்டா. பறவை மெதுவா மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு.

பெரியவர் "குட் கால்"னு ரெண்டே வார்த்தை சொல்லி தோளைத் தட்டினார், பின்னாடி பெட்டை இருந்ததாலன்னு அவர் நினைச்சார். அவர் துப்பாக்கியை வாங்கி அன்லோடு பண்ணிட்டு வெளிய போனதும், அவ என் காதுகிட்ட வந்து தமிழ்ல "அம்மா, பெட்டை நகர்ந்துடுச்சும்மா, எனக்குத்தான் கை வரல"ன்னு சொன்னா. சரிடாம்மான்னு சொல்லி ஒரு கப் காபி ஊத்திக் குடுத்தேன், அவ்ளோதான் பேசினோம்.

இதை அவ அந்தப் பெரியவர்கிட்ட சொல்லியிருப்பாளா? அவ்ளோ நல்ல மனுஷன்தான், ஆனாலும் மாட்டா. நமக்காக விடியக்காலைல எழுந்து வந்தவரை ஏமாத்தக்கூடாதுன்னு அடுத்த தடவை கண்ணை மூடிட்டு அமுக்கியிருப்பா. பிள்ளைங்க அப்படித்தான் தம்பி, மத்தவங்களை திருப்திப்படுத்தணும்னு நினைக்கும்போதுதான் குறியும் தெரியாது, குறிக்குப் பின்னாடி இருக்கிறதும் தெரியாது. சுடாம இருந்தேன்னு கூச்சமில்லாம சொல்ல ஒரு ஆள் பக்கத்துல வேணும். ஹன்டர் எஜுகேஷன் முடிக்காத பிள்ளைன்னா மென்டர் கைக்கெட்டுற தூரத்துல இருந்தாகணும், ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளைதான்னு இந்த மாநிலத்துச் சட்டமே சொல்லுது. அவர் ரெண்டு பிள்ளைங்களைக் கூட்டிட்டு போறார்னா அதையும் கேட்டுக்கோங்க. சட்டம் சொல்றது மென்டரைப் பத்தி. நான் சொல்றது உங்களைப் பத்தி. உங்க கை எட்டுற தூரத்துல உங்க பொண்ணு இருக்கணும்.

அப்புறம் ஒரு வருஷம் அவ சுட்டா. அதுக்கும் நான் பக்கத்துல இருந்தேன். தலைல பட்டு பறவை அந்த நொடியே போயிடும், ஆனா உடம்பு இறக்கையை அடிச்சுட்டே கிடக்கும், கொஞ்ச நேரத்துக்கு. இது வலி இல்ல நரம்புதான்னு முதல் நாள் ராத்திரியே பிள்ளைகிட்ட சொல்லி வைக்கணும், சொல்லாம விட்டா அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகாது. சொல்லி வச்சும் அவ என் ஜாக்கெட்டைப் பிடிச்சுட்டு அழுதா. நல்லா அழட்டும்னு விட்டேன். அழுது முடிச்சுட்டு அவளே போய் இறக்கையை மடிச்சு வச்சா.

இன்னொரு பையன், எனக்கு பேர் தெரியாது, அரசு வேட்டை நிலத்தோட பார்க்கிங்ல பாத்தேன், பத்து வயசு இருக்கும். மிஸ் பண்ணிட்டான். கூட வந்த ஆள் போன்ல எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்ப போட்டுக் காட்டி "பாரு, எங்க பாக்குற பாரு"ன்னு கத்திட்டே இருந்தார். பையன் கையுறை விரலை ஒவ்வொண்ணா இழுத்துட்டு நின்னான். தம்பி, கெஞ்சிக் கேக்குறேன், போனைக் காருலயே வச்சுட்டு போங்க, போட்டோ வேணும்னா எல்லாம் முடிஞ்சப்புறம் அவ கேட்டா ஒண்ணு எடுத்துக்கலாம். எட்டு மணிக்கே குளிருதுன்னு சொன்னா எட்டு மணிக்கே கிளம்பிடுங்க.

போறதுன்னு முடிவு பண்ணிட்டா, ஹன்டர் எஜுகேஷன்ல ரெண்டு பேரும் பேர் குடுங்க, 1973 ஜனவரி 1-லயோ அப்புறமோ பிறந்த யாருக்கும் தனியா லைசன்ஸ் எடுக்க அது வேணும், நீங்களும் அதுல வருவீங்கன்னு நினைக்கிறேன். பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விடுங்க, பனி முழுசா உருகறதுக்கு முன்னாடியே இங்க உண்ணி வந்துடும், லைம் நோய் விளையாட்டில்ல. பெர்மெத்ரின்ங்கிற பூச்சி மருந்தை முதல் நாளே துணில அடிச்சு காய விடணும், தோல்ல படக்கூடாது. முறுக்கு, சிப்ஸ் வேண்டாம், கடிக்கிற சத்தம் காடு முழுக்க கேக்கும், இட்லியும் வாழைப்பழமும் கட்டிக்கோங்க. பிளைண்டுக்குள்ள காலடில இருக்கிற சருகை இருட்டுலயே ஒதுக்கி மண்ணு தெரிய வச்சிடுங்க. பறவை கிடைச்சா மறுநாள் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணணும். நெஞ்சுக்கறி சுக்காவுக்கு நல்லது, கால் சரியான முரடு, மிளகு தூக்கலா போட்டு குக்கர்ல நிறைய விசில் விடணும்.

மனைவியையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பாருங்க. அவங்களும் வந்தா பெரிய பிளைண்ட் வேணும், எங்ககிட்ட நாலு பேர் உக்கார்றது ஒண்ணு சும்மா கிடக்கு, மார்ச் கடைசில மேடிசன் வருவேன், எடுத்துட்டு வரவான்னு எழுதுங்க.