வரிசை மாறினால்

அன்புள்ள ஐயா,

அம்மாப்பேட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. இரண்டு வருடமாகக் குவாண்டம் இயற்பியல் வீடியோக்கள் பார்க்கிறேன். சமன்பாடு வந்தால் தள்ளிவிடுகிறேன். அந்தக் கணிதத்தை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? இந்த வயதில் வருமா? அத்வைதமும் இதைத்தான் சொல்கிறதா?

கு., சேலம்

அன்புள்ள கு.,

வயதைப் பற்றி இனி கேட்காதீர்கள். அத்வைதத்தை அப்புறம் பார்க்கலாம்.

இரண்டு வருடத்தில் ஒரு கணக்காவது கையால் போட்டீர்களா? பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தால் தூங்காமல் தேடுகிற தொழில் உங்களுடையது. சமன்பாட்டை மட்டும் தள்ளிவிடலாமா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை இருந்தது. பற்றவைத்த பிறகுதான் மெருகு. ஒருநாள் அவசரத்தில், மெருகு போட்ட கொலுசில் கொக்கியைப் பற்றவைத்தேன். நெருப்பு பட்ட இடம் கறுத்துப்போனது. அதே இரண்டு வேலைதான், வரிசை மட்டும் மாறிவிட்டது. அப்பா திட்டவில்லை, கொலுசை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். சில நாட்களாக அந்தக் கறுப்புதான் நினைவில் வருகிறது. உங்கள் கடிதமும் வந்தது.

1925இல் குவாண்டம் இயற்பியலுக்குக் கணக்கு தேடிய ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கை உறுத்தியதும் வரிசைதான். அப்போது அவருக்கு வயது 23. அவர் கண்டுபிடித்த பெருக்கலில் வரிசையை மாற்றினால் விடை மாறியது. எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கினால் அது அணி, அதாவது மேட்ரிக்ஸ். தான் போட்டது அணிப் பெருக்கல் என்று அவருக்குத் தெரியாது. இன்னொரு இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன்தான் அடையாளம் கண்டார். அணி தெரியாது என்று நீங்கள் எதற்குக் கூசுகிறீர்கள்? துகளின் இடத்தையும் உந்தத்தையும் (நிறை பெருக்கல் திசைவேகம்) குறிக்கும் அணிகளை வரிசை மாற்றிப் பெருக்கினால் விடை ஒன்றாக வராது. இரண்டையும் ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்கிற நிச்சயமின்மைக் கொள்கை அந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது. எந்த வீடியோவும் இதை உங்கள் விரலுக்குக் கொண்டுவராது.

பென்சில் எடுங்கள். முதல் அணி: மேல் வரிசை 0, 1, கீழ் வரிசை 1, 0. இரண்டாவது: மேலே 1, 0, கீழே 0, −1. எலக்ட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்) எழுத இயற்பியலாளர் பௌலி பயன்படுத்திய மூன்று அணிகளில் இவை இரண்டு. முதலாவதை இரண்டாவதால் பெருக்கினால் மேலே 0, −1. கீழே 1, 0. இரண்டாவதை முதலாவதால் பெருக்கினால் மேலே 0, 1. கீழே −1, 0. குறி புரண்டுவிட்டது, பார்த்தீர்களா? நான் சொன்னேன் என்று நம்பாதீர்கள், போட்டுப் பாருங்கள்.

புத்தகம் கேட்டீர்கள் அல்லவா? பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே அணிப் பெருக்கல் இருக்கிறது. பிறகு பிளஸ் டூ புத்தகத்தில் கலப்பு எண்கள். இப்போதைக்கு அது போதும். போட்ட தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், அடித்தல் திருத்தலோடு.